ஜப்பானில் தயாரான பழைய எலக்ட்ரிக் கிட்டாரை மதிப்பிட்டு வாங்குவது எப்படி?

புதிதாகக் கற்றுக்கொள்பவரின் கையில் நல்ல கிட்டார் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அழுத்தினால் விரல் வலிக்கிற, சுருதி நிற்காத கருவியோடு போராடிக் களைத்தே பலர் வாசிப்பைக் கைவிட்டுவிடுகிறார்கள். 1970-களின் பிற்பகுதி முதல் ஜப்பானில் தயாரான எலக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை, கொடுத்த பணத்துக்கு மேலாகவே உழைக்கக்கூடியவை. ஆனால் ‘மேட் இன் ஜப்பான்’ என்ற முத்திரை மட்டுமே தரத்துக்குச் சான்றாகிவிடாது. ஒரே தொழிற்சாலை, ஒரே ஆண்டில், ஒரே வடிவத்தில் மலிவான கிட்டாரையும் உயர்தரக் கிட்டாரையும் செய்து விற்றிருக்கிறது. ஆகவே எந்தத் தொழிற்சாலை, எந்தத் தரவரிசை, இன்றைக்கு எந்த நிலை என்ற மூன்றையும் இந்த வரிசையிலேயே பார்க்கப் பழகுங்கள்.

படி 1: பெயருக்குப் பின்னால் உள்ள தொழிற்சாலையைக் கண்டறியுங்கள்

ஜப்பானியக் கிட்டார்களில், ஹெட்ஸ்டாக்கில் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியில்) எழுதியிருக்கும் பெயர் பெரும்பாலும் வணிக நிறுவனத்துடையது, செய்தவர் வேறொருவர். ஐபனேஸ் என்பது நகோயாவைச் சேர்ந்த ஹோஷினோ கக்கியின் பெயர். கிரெகோ என்பது காண்டா ஷோகாயின் பெயர். இவ்விரண்டிலும் பெரும்பகுதி, நகானோ மாநிலத்தின் மட்ஸுமோட்டோ நகரில் 1960-இல் தொடங்கிய ஃபூஜிகென் தொழிற்சாலையில் உருவானது. அதே ஊரில், தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்த மட்ஸுமோகு, ஆரியா புரோ டூ கிட்டார்களைத் தயாரித்துப் பெயர் பெற்று, 1987-இல் மூடப்பட்டது. ஹமமட்ஸுவின் டோகாயும் யமஹாவும் தங்கள் பெயரிலேயே தயாரித்தன. 1976-இல் வந்த யமஹா எஸ்ஜி2000-இல் நெக் (கம்பிகளை அழுத்தி வாசிக்கும் நீண்ட கழுத்துப்பகுதி) உடலின் ஊடாகக் கடைசிவரை ஓடுகிறது. நாதம் நீண்டு ஒலிப்பதற்காக பிரிட்ஜுக்கு (உடல்மீது கம்பிகளைத் தாங்கும் பகுதிக்கு) அடியில் ஒரு பித்தளைத் தகடும் பதிக்கப்பட்டிருக்கிறது. கார்லோஸ் சந்தானா வாசித்த மாடல் அது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விற்பவர்கள் ‘லாசூட்’ (வழக்குக்கு உள்ளான) கிட்டார் என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். உண்மையில் அந்த வழக்கு, அப்போது அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் உரிமையாளராக இருந்த நார்லின் நிறுவனம் 1977-இல் ஐபனேஸை அமெரிக்காவில் விற்றவர்கள்மீது ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காகத் தொடுத்தது. மறு ஆண்டே சமரசத்தில் முடிந்தது. டோகாயும் கிரெகோவும் அந்த வழக்கில் கிடையாது. எனவே அந்தச் சொல்லுக்காக ஒரு யென்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

படி 2: ஆண்டைக் கணியுங்கள்

ஐபனேஸில் 1975 முதல் ஏறத்தாழ பத்தாண்டுக் காலத் தொடர் எண்களைப் படிப்பது எளிது. முதல் எழுத்து மாதத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். ‘ஏ’ என்றால் ஜனவரி, ‘எல்’ என்றால் டிசம்பர். ஆகவே ‘எச்78’ என்று தொடங்கும் எண், 1978 ஆகஸ்டில் தயாரானதைக் காட்டுகிறது.

ஃபெண்டர் ஜப்பான் என்ற நிறுவனம், அமெரிக்காவின் ஃபெண்டர், காண்டா ஷோகாய், யமானோ கக்கி ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக 1982-இல் தொடங்கியது. தொடக்கக் காலக் கிட்டார்களை ஃபூஜிகென் செய்தது. ‘ஜேவி’ என்று தொடங்கும் எண்கள் 1982 முதல் 1984 வரையிலானவை. சேகரிப்பாளர்கள் இவற்றையே துரத்துவதால் விலையும் உயர்ந்து நிற்கிறது. 1990-களின் பிற்பகுதியில் ‘கிராஃப்டட் இன் ஜப்பான்’ என்ற முத்திரை வந்தபோது தயாரிப்பு டைனா, டோகாய் ஆகிய தயாரிப்பாளர்களிடம் சென்றிருந்தது. முதல் கிட்டார் வாங்குபவர் ஜேவியைத் தேட வேண்டியதில்லை என்பதே என் தீர்மானமான கருத்து. பின்னாளில் வந்த ஒரு நடுத்தர மாடல், அதே வேலையைக் குறைந்த செலவில் செய்து முடிக்கும்.

படி 3: மாடல் எண்ணிலிருந்து அன்றைய விலையைப் படியுங்கள்

தொடக்கநிலையாளருக்கு இதைவிடப் பயனுள்ள குறிப்பு வேறில்லை. ஜப்பானியர் பல மாடல்களின் பெயரிலேயே சில்லறை விலையை எழுதிவைத்தார்கள். டோகாய் எல்எஸ்-80 என்றால் 80,000 யென்; கிரெகோ இஜி-500 என்றால் 50,000 யென்; ஃபெண்டர் எஸ்டி62-115 என்றால் 1,15,000 யென். அந்த விலை வேறுபாடு மரத்திலும் பிக்கப்பிலும் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தப் பகுதியிலும்) பூச்சிலும் தெரியும். ஃபெண்டரின் மலிவு மாடல்களில் உடல் பெரும்பாலும் பாஸ்வுட் மரம். உயர் மாடல்களில் ஆல்டர். 115 வரிசையின் தொடக்கக் காலக் கிட்டார்களில் அமெரிக்கப் பிக்கப்களே இருந்தன. விற்பவர் வெறுமனே ‘ஸ்ட்ராட்’ (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) என்று மட்டும் சொன்னால், முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒரே ஆண்டின் எஸ்டி62-55-உம் எஸ்டி62-115-உம் புகைப்படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

படி 4: நெக்கை நிதானமாகச் சோதியுங்கள்

பழைய கிட்டாரின் மதிப்பில் பாதி நெக்கில்தான் இருக்கிறது. பிக்கப்பை மாற்றிவிடலாம், குமிழை மாற்றிவிடலாம். முறுகிப்போன நெக்கைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு கிட்டாரே வாங்கிவிடலாம்.

ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒரு கண்ணால் நெக்கின் நீளவாக்கில் பாருங்கள். இரு ஓரங்களும் ஒரே தளத்தில் ஓட வேண்டும். ஒன்று மேலேறி மற்றொன்று கீழிறங்கினால் அது முறுக்கு, அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள். பிறகு, சுருதி கூட்டிய நிலையில், தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையிலும்) கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் என்றால் நல்லது. மிக அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் ஓடும் உலோகத் தண்டை) இறுக்க வேண்டும். அந்த ராடில் இன்னும் இறுக்க இடமிருக்கிறதா என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். பழைய வடிவ ஃபெண்டர்களில் அந்தத் திருகு நெக்கின் அடிப்பகுதியில், உடலுக்குள் புதைந்திருக்கும். நான்கு திருகுகளைத் தளர்த்தி நெக்கைக் கழற்றினால்தான் அதை எட்ட முடியும். ஆகவே “சரிசெய்துகொள்ளலாம்” என்ற வாக்குறுதியை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஃப்ரெட்களில், குறிப்பாக முதல் ஐந்தில், மெல்லிய கம்பிகளுக்கு நேர் கீழே பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். லேசான பள்ளத்தைத் தேய்த்துச் சமன் செய்யலாம். ஃப்ரெட் தட்டையாகிப் போயிருந்தால் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். அந்தக் கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள். இறுதியாகப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேரே கம்பியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியையும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி கூடுதலாக இருந்தால் பிரிட்ஜிலுள்ள சேடிலைப் (கம்பி அமர்ந்திருக்கும் சிறு துண்டை) பின்னுக்கு நகர்த்தினால் போதும். அது குறையே அல்ல.

படி 5: மின்பகுதி

குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் கான்டாக்ட் கிளீனரால் பெரும்பாலும் தீரும். ஒவ்வொரு பிக்கப்பும் ஒலிக்கிறதா என்று மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். டோகாய், கிரெகோ போன்றவற்றில் ஹெட்ஸ்டாக் பெயரை அழித்து அமெரிக்கப் பெயரை ஒட்டிய கிட்டார்களும் சந்தையில் சுற்றுகின்றன. பெயர் ஒட்டிய இடத்தில் பூச்சின் நிறம் மாறியிருந்தால் விலகிவிடுங்கள்.

படி 6: மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

டோக்கியோவின் ஓச்சனோமிஸு கடைத்தெருவில் நேரில் வாசித்துப் பார்த்து வாங்குவதே சிறந்தது. ஹார்ட் ஆஃப் போன்ற பழைய பொருள் கடைகளில் ‘ஜங்க்’ என்று குறித்திருப்பவை எந்த உத்தரவாதமும் இல்லாதவை. கைவேலை தெரியாதவர் அவற்றைத் தொட வேண்டாம். ஜப்பானுக்கு வெளியிலிருந்து வாங்கினால் அஞ்சல் செலவையும் உங்கள் நாட்டுச் சுங்க வரியையும் சேர்த்த பிறகே மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். ஃப்ரெட் பலகை ரோஸ்வுட் என்றால் அஞ்ச வேண்டியதில்லை. ரோஸ்வுட் வணிகத்துக்கு 2017-இல் வந்த சர்வதேசக் கட்டுப்பாட்டிலிருந்து, முழுமையாக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது.

கிட்டார் வந்து சேர்ந்ததும் பெட்டியை உடனே திறந்து இறுக்கத் தொடங்காதீர்கள். ஒரு நாள் முழுதும் அறையிலேயே இருந்து மரம் புதிய ஈரப்பதத்துக்குப் பழகட்டும். பிறகு புதுக் கம்பி பூட்டிச் சுருதி கூட்டி, நெக்கின் இடைவெளியை மறுபடி அளந்து, தேவைப்பட்டால் ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்கள்.