பிள்ளை பெத்த வீட்டுல தாயோட மனசையும் கேட்டுட்டு வர்றது எப்படி? புதுசா வேலைக்கு வந்த அக்காங்களுக்கு ஒரு செய்முறை

காரைக்குடி, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் வீடு வீடா போற வி.எச்.என். (கிராம சுகாதார நர்ஸ்), அங்கன்வாடி டீச்சர், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் எல்லாருக்கும் பொதுவாத்தான் எழுதுறேன். பிபி பாக்க, எடை பாக்க டிரெய்னிங் இருக்கு, ஆனா பிள்ளை பெத்து ரெண்டு மாசமான பொண்ணு சுவத்தப் பாத்து படுத்தே கெடந்தா அவகிட்ட என்ன பேசணும்னு தெரியாம "தைரியமா இரும்மா, பிள்ளை மொகத்தப் பாத்தா கவலை பறந்துரும்"னு சொல்லி சத்துமாவு பாக்கெட்ட குடுத்துட்டு வந்துருவோம். அது பிரயோஜனமே இல்ல, சில நேரம் கெடுதல்கூட, ஏன்னா பிள்ளை மொகத்தப் பாத்தும் அவளுக்கு ஒண்ணும் தோணல, அதுக்காகத்தான் அவ தன்னையே திட்டிக்கிட்டு கெடக்குறா.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி நம்ம மாதிரி வளர்ற நாடுகள்ல பிள்ளை பெத்த 100 பேர்ல கிட்டத்தட்ட 20 பேருக்கு மனநலச் சிக்கல் வருது, அதுல பெரும்பாலும் டிப்ரஷன், அதாவது மனச்சோர்வு நோய். அப்ப இது எங்கயோ யாருக்கோ வர்ற விஷயம் இல்ல, உங்க லிஸ்ட்லயே இருக்கு.

டாக்டர் இல்லாம நம்மளால முடியுமான்னு கேப்பீங்க. பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கத்து கிராமங்கள்ல அதிஃப் ரஹ்மான்னு ஒரு மனநல டாக்டர் இதச் செஞ்சு காமிச்சார், ரிசல்ட் 2008ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. 40 ஏரியா, டிப்ரஷன் இருந்த 903 தாய்மார், பேசுனவங்க நம்மள மாதிரி பள்ளிக்கூடம் முடிச்ச ஊர் சுகாதாரப் பணியாளர்கள்தான். பாதி ஏரியாவுல பேசுற முறையக் கத்துக் குடுத்து அனுப்புனாங்க, மீதியில சும்மா போயிட்டு வரச் சொன்னாங்க. ரெண்டு பக்கமும் வீட்டுக்குப் போனது ஒரே அளவு தடவைதான், ஆனா முறை தெரிஞ்சு பேசுன பக்கம் பிள்ளைக்கு ஆறு மாசம் ஆனப்ப டிப்ரஷன் மிச்சம் இருந்தது 23 சதவீதம், சும்மா போயிட்டு வந்த பக்கம் 53 சதவீதம். போறது மட்டும் பத்தாது, என்ன பேசுறோம்ங்கறதுல இருக்கு சூட்சுமம். அந்த முறையத்தான் உலக சுகாதார நிறுவனம் 2015ல கையேடா போட்டுச்சு, கோவாவுலயும் ஊர்ப் பொண்ணுங்கள வச்சே செஞ்சு பாத்தாங்க. கீழ சொல்றதுல பாதி அங்கருந்து வந்தது, மீதி நம்ம ஊருக்குத் தக்கன.

1. பிள்ளைய முன்ன விட்டு நீங்க பின்ன போங்க

வாசல்ல நின்னு "மனசு சரியில்லையாமே, கவுன்சிலிங் குடுக்க வந்துருக்கேன்"னு சொன்னா அன்னையோட கத முடிஞ்சுச்சு. மாமியா மொகம் மாறும், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாப்பா, சாயங்காலத்துக்குள்ள "அந்த வீட்டு மருமகளுக்குப் பைத்தியமாம்"னு தெரு முழுக்கப் பரவிரும். ராவல்பிண்டியிலயும் இதே கததான், அதனால அவங்க டிப்ரஷன்ங்கற பேச்சையே எடுக்காம பிள்ளையோட வளர்ச்சியப் பேசிக்கிட்டுதான் உள்ள போனாங்க, பிள்ளைக்கு நல்லதுன்னா எந்த மாமியாளும் கதவ சாத்த மாட்டா.

நம்மளுக்கு அது இன்னும் சுலபம். புதன்கிழமை தடுப்பூசி இருக்கு, ஒன்றரை மாச ஊசி, எடை, பிக்மி நம்பர் (கர்ப்பம் பதிஞ்ச நம்பர்), முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணம் வந்துச்சா இல்லையான்னு கேக்குறது, எல்லாமே உள்ள போக வழிதான். "பெரியம்மா, பிள்ளைக்கு எடை கொஞ்சம் ஏறணும், தாய் நல்லா தூங்கி சாப்பிட்டாத்தான் அது நடக்கும், அதான் ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துட்டுப் போறேன், வாரம் ஒருக்கா வருவேன்." இதுல ஒரு சொல்லும் பொய் இல்ல, கவனிங்க.

2. எங்க உக்காருறதுங்கறது முக்கியம்

செட்டிநாடுன்னா வெளியூர்க்காரங்க பெரிய வீட்டு முகப்பத்தான் போட்டோ எடுக்குறாங்க, நம்ம போறது அதுக்குப் பின்னாடி இருக்குற ஓட்டு வீட்டு வரிசைக்கு, பலகாரம் சுடப் போறவங்க, கல்யாண சமையலுக்குப் பாத்திரம் தேய்க்கப் போறவங்க, ஆத்தங்குடி கல்லு பட்டறையில கண்ணாடி மேல சிமெண்டும் கலரும் ஊத்துறவங்க வீடு. ஒரே ரூம், அதுலயே அடுப்பு, அதுலயே தூளி, அங்கயே மாமனார். தனியா பேச எடம் கேட்டா எங்கருந்து வரும். அதனால பின்பக்கம் துணி தொவைக்கிற கல்லு, தண்ணிக் குழாயடி, இல்ல அங்கன்வாடியில பிள்ளைங்க போனதுக்கு அப்புறம் பாய் விரிச்சு, இந்த மாதிரி எடம் பாத்து வைங்க. மாமியாள அனுப்ப ஒரு நல்ல வழி, பிள்ளையக் குடுத்து "கொஞ்சம் வெயில்ல காட்டுங்க பெரியம்மா"ன்னு சொல்றது, அவங்களுக்கும் பெருமை.

அவ கைவேலை செஞ்சுக்கிட்டே பேசட்டும். கீரை ஆயுறான்னா நீங்களும் ஒரு கட்ட எடுத்து ஆயுங்க. நேருக்கு நேர் உக்காந்து நோட்டும் பேனாவுமா இருந்தா வாயே தொறக்க மாட்டா.

3. எப்படிக் கேக்குறது

முதல்ல உடம்புல இருந்து ஆரம்பிங்க, நம்ம ஊர்ப் பொண்ணுங்க மனசு வலிச்சாலும் உடம்பத்தான் சொல்லுவாங்க. தலை பாரமா இருக்கு, கை கால் ஓஞ்சு போச்சு, நெஞ்சு படபடன்னு வருது, சாப்பாடு எறங்கல. பிள்ளை தூங்குறப்பவாவது உனக்குத் தூக்கம் வருதான்னு கேளுங்க, இது நல்ல கேள்வி, பிள்ளை அழுது தூக்கம் கெடுறது எல்லாருக்கும் உள்ளது, பிள்ளை அசந்து தூங்கியும் இவளுக்குக் கண்ணு மூடலன்னா அது வேற.

அப்புறம் இந்த ரெண்டு. போன ரெண்டு வாரமா எதுலயுமே பிடிப்பு இல்லாம இருக்கா? மனசு சோர்ந்து, வெறுத்துப் போன மாதிரி இருக்கா? ரெண்டுல ஒண்ணுக்காவது ஆமான்னா டிப்ரஷன் அளக்குற பிஹெச்க்யூ-9 ஃபார்ம்ல மிச்சம் இருக்குற கேள்வியும் கேளுங்க. மொத்தம் ஒன்பது கேள்வி, இல்லவே இல்லன்னா 0, சில நாள்னா 1, பாதி நாளுக்கு மேலன்னா 2, கிட்டத்தட்ட தினமும்னா 3. மொத்தம் 27க்கு, 10ஓ அதுக்கு மேலயோ வந்தா பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டர் பாத்தே ஆகணும். ஃபார்ம்ல இருக்குற தமிழ அப்படியே ஒப்பிச்சா அவளுக்குப் புரியாது, உங்க பேச்சுல கேளுங்க, ஆனா "ரெண்டு வாரம்"ங்கறத மட்டும் விட்டுறாதீங்க.

பிரசவமாகி மூணு நாலு நாள்ல சும்மா சும்மா அழுகை வர்றது நெறைய பேருக்கு இருக்கும், ரெண்டு வாரத்துக்குள்ள தானா அடங்கிரும், அதுக்குப் போயி சீல் குத்த வேணாம். அதே மாதிரி ரத்தம் ரொம்பக் கொறஞ்சிருந்தாலும் தைராய்டு இருந்தாலும் பாக்க டிப்ரஷன் மாதிரியே இருக்கும், ஹீமோகுளோபின் பாக்காம முடிவுக்கு வராதீங்க.

4. அந்த ஒன்பதாவது கேள்வி

எல்லாரும் முழுங்குற கேள்வி இது. சாகணும்னு தோணுதா, ஏதாவது செஞ்சுக்கணும்னு தோணுதா. கேட்டா நம்மளே ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிருமோன்னு பயம், அப்படி ஆகாது, கேட்டதும் அப்பாடான்னு அழுதவங்கதான் அதிகம். சுத்தி வளைக்காம கேளுங்க: "இவ்வளவு கஷ்டத்துல சில பேருக்கு செத்துரலாம்னுகூட தோணும், உனக்கு அப்படி வந்துச்சா தங்கச்சி?" ஆமான்னா, எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா, பிள்ளையையும் சேத்து நெனச்சியா, ரெண்டையும் கேக்கணும்.

யோசிச்சு வச்சிருக்கான்னா அன்னைக்கு நீங்க வேற வீட்டுக்குப் போகக் கூடாது. தனியா விடாதீங்க, அவகிட்ட சொல்லிட்டு வீட்டுல அவ நம்புற ஒருத்தரக் கூப்பிடுங்க, வயலுக்கு வாங்கி வச்ச மருந்து, மாத்திரை டப்பா எல்லாத்தையும் வெளியேத்தச் சொல்லுங்க, டாக்டருக்கு போன் போட்டுட்டு ஆஸ்பத்திரி, வேணும்னா 108. ராத்திரியா இருந்தாலும் 14416ல டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி லைன்ல எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கெடையாது. 104 சுகாதார உதவி நம்பரும் இருக்கு. போலீஸ் கேஸ் ஆகும்னு வீட்டுல பயந்தா, 2017 மனநலச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் அப்படி முயற்சி பண்ணவங்கள மனஅழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க.

இன்னொண்ணு தனியா தெரிஞ்சுக்கணும். ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள, நாள் கணக்கா தூங்காம ஆனா சோர்வும் இல்லாம, யாரோ பேசுறாங்கன்னு சொல்லிக்கிட்டு, இது என் பிள்ளையே இல்ல மாத்திட்டாங்கன்னு சந்தேகப்பட்டுக்கிட்டு இருப்பாங்க. இதுக்கு நம்ம கவுன்சிலிங் எல்லாம் ஆகாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி. வீட்டுல காத்து கருப்புன்னு சொல்லுவாங்க, அதோட மல்லுக்கு நிக்காதீங்க, "கொப்புடையம்மனுக்கு வேண்டி திருநீறு பூசிக்கிட்டு ஆட்டோவுல ஏறுங்க"ன்னு சொன்னா ஏறிருவாங்க.

5. ஒரு வாரத்துக்கு ஒரு வேலை, அதுவும் சின்னதா

இங்கதான் நெறைய பேரு அட்வைஸ் மழை பொழிஞ்சுருவாங்க, பழம் சாப்பிடு, வாக்கிங் போ, பாட்டுக் கேளுன்னு. படுக்கையில இருந்து எந்திரிக்கவே முடியாதவகிட்ட பத்து வேலை சொன்னா ஒம்பதுல தோத்துட்டு இன்னும் நொந்து போவா. ஒண்ணே ஒண்ணு, அவ வாயால வரட்டும். "முன்னாடி என்ன செஞ்சா மனசுக்கு நல்லா இருக்கும்?"னு கேளுங்க. ஒரு பொண்ணுக்கு வாசல்ல கோலம் போடுறது, இன்னொருத்திக்கு கூட வேலை பாத்தவகிட்ட பேசுறது. எப்ப, எங்க, யாரு பிள்ளையப் பாத்துக்குவான்னு வரைக்கும் முடிவு பண்ணணும். "முடிஞ்சா போடுறேன்க்கா"ன்னு சொன்னா அது திட்டம் இல்ல. "செவ்வாக்கெழமை காலையில பிள்ளையக் குளிப்பாட்டி அத்தைகிட்ட குடுத்துட்டு மூணு புள்ளி வச்சு ஒரு கோலம்", இது திட்டம். அடுத்த வாரம் போனதும் முதல் கேள்வி அதப் பத்தி, செய்யலன்னா ஏன்னு கோவிக்காம எங்க தட்டுச்சுன்னு கேட்டு அதவிட சின்னதா ஒண்ணு.

கூடவே அவ தலைக்குள்ள ஓடுற பேச்சையும் பிடிக்கணும். "எனக்குப் பாலே இல்ல, நான் என்ன தாய்"ன்னு சொன்னா "அப்படியெல்லாம் நெனக்காத"ன்னு வாய அடைக்காதீங்க. எடை கார்ட எடுங்க. "போன புதன்கெழம எவ்வளவு, இப்ப எவ்வளவு, நீயே படி, ஒரு நாளைக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போறான்?" அவளே எண்ணிச் சொல்லட்டும். எடை நெசமாவே ஏறலன்னா சமாளிக்காம பால் குடுக்குற முறையப் பாருங்க, டாக்டருக்கு அனுப்புங்க.

6. மாமியா, புருஷன், குழு லோன்

மாமியாள வில்லியாக்கிட்டா உங்க வேலை நடக்காது. அவங்களும் ஒரு காலத்துல பச்ச உடம்போட நாத்து நடப் போனவங்க, "நாங்கல்லாம் இப்படியா படுத்துக் கெடந்தோம்"ங்கறது அவங்க வலியும்தான். அவங்களுக்கு ஒரு பொறுப்பு குடுங்க, ராத்திரி ஒரு வேளை பிள்ளைய அவங்க தூக்கிக்கிட்டா இவளுக்கு நாலு மணி நேரம் சேந்தாப்புல தூக்கம் கெடைக்கும், அதுக்கு எணையா டானிக் எதுவும் இல்ல. புருஷன் சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ இருந்தா அவ சம்மதத்தோட ஒரு வீடியோ கால் போடச் சொல்லுங்க, "தம்பி, பணம் வந்துச்சான்னு கேக்குறதுக்கு முன்னாடி சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த கேளுங்க"ன்னு சொல்லிப் பாருங்க.

வார டியூவுக்கு குழு லோன்காரர் வந்து வாசல்ல உக்காந்திருக்குற வீட்டுல கோலம் மட்டும் போட்டா போதுமான்னா போதாது. அந்தக் கவலைய மனசுல இருக்குற கோளாறுன்னு நெனச்சுறாதீங்க, அது நெசமான கடன். யாருகிட்ட தவணை பேசலாம், வர வேண்டிய அரசாங்கப் பணம் ஏன் நிக்குது, பேங்க் அக்கவுண்ட்ல என்ன சிக்கல்னு கூட உக்காந்து பாருங்க. குடிச்சிட்டு அடிக்கிற வீடா இருந்தா புருஷனக் கூப்பிட்டு சமாதானம் பேச நீங்க போகாதீங்க, அது அவளுக்குத்தான் திரும்பும், 181ங்கற பெண்கள் உதவி நம்பர அவகிட்ட தனியா சொல்லி வைங்க.

7. அனுப்புனதோட முடியாது

ஸ்கோர் கூட இருந்தா, ரெண்டு மூணு வாரத்துல கொஞ்சமும் மாறலன்னா, பி.எச்.சி. டாக்டர் மூலமா சிவகங்கை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு, புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்னா புதுக்கோட்டைக்கு. சீட்டு எழுதிக் குடுத்தா மட்டும் போக மாட்டாங்க, எந்த பஸ்ஸு, யாரு கூட, பிள்ளைய என்ன பண்றதுன்னு பேசி அனுப்புங்க. மாத்திரை போட்டா பால் குடுக்கக் கூடாதுன்னு ஊர்ல சொல்லுவாங்க, பால் குடுத்துக்கிட்டே போடக்கூடிய மாத்திரை இருக்கு, செர்ட்ராலின் மாதிரி, எதுன்னு டாக்டர் முடிவு பண்ணுவார், பால் குடுக்குறத முன்கூட்டியே அவர்கிட்ட சொல்லணும் அவ்வளவுதான். மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரமாவது ஆகும், அதுக்குள்ள ஒண்ணும் கேக்கலன்னு நிறுத்திருவாங்க, நல்லா ஆயிட்டாலும் நிறுத்திருவாங்க, ரெண்டையும் முன்னாடியே சொல்லி வைங்க.

8. நோட்டு

தேதி, ஸ்கோர், இந்த வாரத்து வேலை, அடுத்து எப்ப வர்றீங்க, இது நாலும் போதும். பேரு வேணாம், பிக்மி நம்பர்ல கடைசி நாலு இலக்கம் போதும், நோட்டு எங்கயாவது பஸ்ல தவறுனாலும் யாருன்னு தெரியாது. வாட்ஸ்அப் குரூப்ல "அந்தத் தெரு கேஸ்"னுகூட போடாதீங்க, நம்ம ஊர்ல தெருவச் சொன்னாலே ஆளச் சொன்ன மாதிரி. மாசாந்திர மீட்டிங்குக்கு இந்த நோட்டக் கொண்டு போயி உங்களுக்குக் கஷ்டமா இருந்த ஒரு வீட்டப் பத்தி பேசுங்க, அந்த ராவல்பிண்டி முறையிலயும் மாசம் ஒரு தடவ உக்காந்து பேசுறது இருந்துச்சு. மீட்டிங்ல டார்கெட் மட்டும்தான் பேசுவாங்கன்னா, பக்கத்து சப்-சென்டர் அக்கா ஒருத்தரப் பிடிச்சு டீக்கடையிலயாவது பேசிருங்க, பேரு மட்டும் சொல்லாம.