கிணற்று மட்டத்தை ஏடிஎஸ் 1115 சிப் வைத்து அளப்பது எப்படி

எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஐயா கயிற்றால்தான் அளந்தவர். நுனியில் ஒரு கல், முழத்துக்கு ஒரு முடிச்சு. காலையில் இறைப்புக்கு முன்னம் ஒரு தடவை, மோட்டரை நிற்பாட்டின பிறகு ஒரு தடவை, எத்தனை முடிச்சு நனைந்திருக்கிறது என்று பார்த்து நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். அந்த வேலையை இப்போது அரிசி மணி அளவிலான ஒரு சிப் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை செய்கிறது. செய்த முறையை விவரமாக எழுதச் சொல்லிப் பலர் கேட்டார்கள், அதுதான் இது.

மட்டத்தை ஏன் இவ்வளவு கவனிக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் வருடம் முழுக்க இறைக்கிறோம். அந்த நன்னீர் கீழே இருக்கும் உவர் நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பழைய நிலத்தடி நீர்க் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: மேலே மட்டம் ஒரு சாண் நிரந்தரமாக இறங்கினால் கீழே உவர் பல மீற்றர் ஏறிவர இடம் கிடைக்கிறது. வெங்காயம் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு சாண் பெரிய விஷயம்.

சரி, வேலைக்கு வருவோம். தண்ணீர் மட்டம் படிப்படியாகத் தாவி மாறுவதில்லை, வழுக்கிக்கொண்டு மாறுகிறது. கணினிக்கோ எண்தான் தெரியும். ஒரு பக்கம் தொடர்ச்சியான மின்னழுத்தத்தை வாங்கி மறுபக்கம் எண்ணாகக் கொடுக்கும் சிப்புகள் கலப்புச் சமிக்ஞை வகையைச் சேர்ந்தவை. அனலொக் சேர்க்கிட்டும் டிஜிட்டல் சேர்க்கிட்டும் ஒரே சிலிக்கன் துண்டில் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும். டிஜிட்டல் பக்கம் நொடிக்கு இலட்சக்கணக்கான தடவை மாறி மாறி இரைச்சல் போட, அனலொக் பக்கம் மைக்ரோவோல்ட் அளவு வித்தியாசத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இப்படி ஒரு சிப்பை நன்றாகச் செய்வது கடினம், அதனால்தான் இந்தத் துறையில் பழைய கொம்பனிகளுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

நான் எடுத்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏடிஎஸ் 1115. இந்தக் கொம்பனி 1930இல் தொடங்கியபோது அதன் தொழிலே வேறு, ஜியோபிசிக்கல் சேர்விஸ் என்ற பெயரில் நிலத்துக்குள் அதிர்வை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்டு எண்ணெய் தேடினார்கள். 1951இல்தான் இப்போதைய பெயர். 1958இல் அங்கே வேலை செய்த ஜாக் கில்பி ஒருங்கிணைந்த சுற்றைச் செய்து காட்டினார். 2000ஆம் ஆண்டில் நுண்ணிய அனலொக் சிப்புகளுக்குப் பேர்போன பர்-பிரவுண் கொம்பனியை வாங்கினார்கள், 2011இல் நஷனல் செமிகண்டக்டரை. அனலொக் டிவைசஸ், மைக்ரோசிப் போன்ற கொம்பனிகளிடமும் இதே வேலைக்கு நல்ல சிப்புகள் இருக்கின்றன. நான் இதை எடுத்ததற்குக் காரணம் எளிது. பலகையில் பொருத்தியே சல்லிசாகக் கிடைக்கிறது, டேட்டாஷீட், அதாவது சிப்பின் விவரத் தாள், தெளிவாக இருக்கிறது.

எண்ணை வாங்கி வைஃபையில் அனுப்ப நான் வைத்திருக்கும் சின்னக் கணினிப் பலகை ஈஎஸ்பி 32. அதற்குள்ளேயே அளவெடுக்கும் பகுதி இருக்கிறதே, தனியாக ஒரு சிப் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, 12 பிட் (பிட் கூடக் கூட அளவின் படி நுணுக்கமாகும்). ஆனால் அதன் கோடு இரண்டு முனையிலும் வளைகிறது, பலகைக்குப் பலகை வித்தியாசம் வேறு. அதன் இரண்டாவது தொகுதியை வைஃபை ஓடும்போது பயன்படுத்தவும் முடியாது. செடிக்குத் தண்ணீர் போதுமா போதாதா என்று பார்க்க அது போதும், கிணற்றைச் சென்ரிமீற்றர் கணக்கில் பின்தொடரப் போதாது. ஏடிஎஸ் 1115 16 பிட், உள்ளேயே தனக்கான ஒப்பீட்டு மின்னழுத்தம் வைத்திருக்கிறது, 2 முதல் 5.5 வோல்ட் வரை எதிலும் ஓடும், ஐ2சி வழியாக இரண்டே கம்பியில் பேசும்.

தண்ணீருக்குள் இறக்கும் சென்சராக 0 முதல் 5 மீற்றர் வரை அளக்கும், 4 முதல் 20 மில்லி ஆம்பியர் தரும் அமுக்க சென்சரை வாங்குங்கள். மின்னழுத்தம் தரும் வகையும் கிடைக்கும், மலிவாகவும் இருக்கும், வேண்டாம். கிணற்றில் இருந்து பெட்டி வரை நீளமான கம்பி போகும்போது மின்னழுத்தம் வழியில் குறையும், மின்னோட்டம் குறையாது. ஒரே வாய்க்காலில் ஓடும் தண்ணீர் மாதிரி, எந்த இடத்தில் அளந்தாலும் அதே அளவுதான். தண்ணீர் இல்லாதபோதும் 4 மில்லி ஆம்பியர் ஓடுவதால், அதற்கும் கீழே போனால் கம்பி அறுந்துவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

12 வோல்ட் பற்றரியில் இருந்து மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு பூஸ்ட் கன்வேட்டரால் 24 வோல்ட் எடுத்து சென்சரின் சிவப்புக் கம்பிக்குக் கொடுங்கள். கறுப்புக் கம்பி 120 ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்குப் போக வேண்டும். 4 மில்லி ஆம்பியரில் அந்த ரெசிஸ்டர் மேல் 0.48 வோல்ட் விழும், 20இல் 2.4 வோல்ட். இந்த இரண்டு எண்ணும்தான் உங்கள் முழுக் கணக்கும். ரெசிஸ்டர் மெட்டல் பிலிம் வகையாக இருக்கட்டும், வெயிலில் பெட்டி சூடாகும்போது மதிப்பு அதிகம் அசையாது. 0.1 சதவீத வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

இனி நிறையப் பேர் சறுக்கும் இடம். இந்தச் சிப்புக்கு ஆறு வீச்சுகள், அதாவது நாம் தெரிவு செய்யும் அளவு எல்லைகள், உண்டு, பெரியது 6.144 வோல்ட், சின்னது 0.256 வோல்ட். 6.144 என்று எழுதியிருப்பதால் 6 வோல்ட் கொடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது எண்ணைப் பங்குபோடும் அளவுகோல் மட்டுமே. உள்ளே கொடுக்கும் மின்னழுத்தம் சிப்பை ஓட்டக் கொடுத்த மின்னழுத்தத்தை விட 0.3 வோல்ட்டுக்கு மேல் போகவே கூடாது. ஈஎஸ்பி 32இன் 3.3 வோல்ட்டில் ஓட்டுகிறோம், ஆகவே 3.6 வோல்ட்தான் வரம்பு. நமக்கு 2.4 வோல்ட்தான் வருகிறது, 4.096 வீச்சைப் போட்டால் சரியாக இருக்கும். அதில் ஒரு படி 125 மைக்ரோவோல்ட். 2.048 வீச்சில் படி இன்னும் நுணுக்கம்தான், ஆனால் கிணறு நிரம்பும் மாரியில் அளவு உச்சியில் முட்டி நின்றுவிடும்.

சென்சர் பழுதாகி 24 வோல்ட் நேராக வந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்காக ரெசிஸ்டரில் இருந்து சிப்புக்குப் போகும் ஒவ்வொரு கம்பியிலும் 4.7 கிலோ ஓம் ஒன்று தொடராகப் போடுங்கள். சிப்பின் உள்ளீட்டுக் கால் 10 மில்லி ஆம்பியர் வரைதான் தாங்கும், 24 வோல்ட் வந்தாலும் இந்த ரெசிஸ்டர் அதை 5க்கும் கீழே வைத்திருக்கும். சிப்பின் உள்ளீடு மெகா ஓம் கணக்கில் இருப்பதால் அளவில் வரும் பிழை மிகச் சிறியது, பிறகு கயிறு வைத்துச் சரிபார்க்கும்போது அதுவும் கணக்கில் அடங்கிவிடும். இரண்டு உள்ளீட்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ஒன்று.

நான் இரண்டு உள்ளீடு என்று சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு ஒரு கதை இருக்கிறது. முதல் தடவை ஒற்றை உள்ளீட்டில்தான் இணைத்தேன். ரெசிஸ்டரின் கீழ்முனை பற்றரி மறைமுனையில், சிப்பும் ஈஎஸ்பி 32உம் ஒரு மெல்லிய கம்பியால் அதே மறைமுனையில். மேசையில் அழகாக ஓடியது. கிணற்றடியில் வைத்ததும், ஒருவரும் இறைக்காத நடுச்சாமத்தில் கூட மட்டம் சில அளவுகளில் 8 சென்ரிமீற்றர் இறங்கி, அடுத்த அளவில் பழைய இடத்துக்கு ஏறி நின்றது. இரண்டு நாள் கிணற்றைச் சந்தேகித்தேன், பக்கத்துத் தோட்ட மோட்டரைச் சந்தேகித்தேன். மூன்றாம் நாள் மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரி மறைமுனையிலும் மற்றதை ஈஎஸ்பி 32இன் கிரவுண்டிலும் வைத்துப் பார்த்தேன். வைஃபை விழிக்கும்போதெல்லாம் அங்கே 30 மில்லிவோல்ட் எட்டிப் பார்த்தது.

கணக்குப் போட்டதும் எல்லாம் பொருந்தியது. வைஃபை அனுப்பும்போது 300 மில்லி ஆம்பியர் அளவு இழுக்கிறது, அந்த மெல்லிய கம்பியும் அதன் இணைப்பும் சேர்ந்து 0.1 ஓம், பெருக்கினால் 30 மில்லிவோல்ட். நமக்கு 5 மீற்றர் என்பது 1920 மில்லிவோல்ட், அப்படியென்றால் 30 மில்லிவோல்ட் கிட்டத்தட்ட 8 சென்ரிமீற்றர். சிப்பின் கிரவுண்ட் உயர்ந்ததால் கிணறு இறங்கினது போலத் தெரிந்திருக்கிறது. மருந்து டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது: இந்தச் சிப் நான்கு ஒற்றை உள்ளீட்டாகவும் வேலை செய்யும், இரண்டு சோடி வித்தியாச உள்ளீட்டாகவும் வேலை செய்யும். ஏஐஎன் 0ஐ ரெசிஸ்டரின் மேல்முனையிலும் ஏஐஎன் 1ஐக் கீழ்முனையிலும், காலுக்கு மிக அருகில் ஈயம் ஒட்டி, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். கிரவுண்ட் எப்படி ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும், கழித்தால் போய்விடும். அப்புறம் அந்த எட்டுச் சென்ரிமீற்றரை நான் காணவில்லை. கிரவுண்ட் கம்பியையும் தடிப்பாக மாற்றிவிடுங்கள்.

பலகை வாங்கியதும் செய்ய வேண்டிய ஒரு சோதனை. இதற்கு ஏடிஎஸ் 1015 என்று 12 பிட் தம்பி ஒன்று இருக்கிறது, கால்கள் எல்லாம் ஒரே மாதிரி, பெரியதன் பெயரில் சிறியது விற்கப்படுவதும் உண்டு. ஏதாவது ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்து சிப் தரும் எண்களைக் கணக்குப் போடாமல் அப்படியே இருபது முப்பது எடுத்துப் பாருங்கள். எல்லாமே 16இன் மடங்காக, 4800, 4816, 4832 என்று வந்தால் உங்கள் கையில் இருப்பது தம்பி. கீழ் நான்கு பிட்டும் அதில் எப்போதும் பூச்சியம்தான்.

ஐ2சி கம்பியில் சிப்பைக் கூப்பிடும் முகவரி, அதைத் தீர்மானிக்கும் ஏடிடிஆர் காலைக் கிரவுண்டில் இணைத்தால், ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணில் 48. இந்தப் பேச்சுக் கம்பிகள் நீளமாகப் போகக் கூடாது, சிப்பை ஈஎஸ்பி 32க்குப் பக்கத்திலேயே வையுங்கள், நீளமெல்லாம் சென்சர் கம்பியில் இருக்கட்டும். வேகம் நொடிக்கு 8 முதல் 860 தடவை வரை தெரிவு செய்யலாம். 8ஐப் போடுங்கள். ஒரு அளவுக்கு 125 மில்லிவிநாடி எடுத்துச் சராசரி பார்ப்பதால் மோட்டரின் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும், கிணறு ஒன்றும் ஓடிப்போகப் போவதில்லை. ஒற்றைத் தடவை முறையில் வைத்தால் அளந்து முடிந்ததும் சிப் தானே உறங்கிவிடும், பற்றரிக்கு நல்லது. ஈஎஸ்பி 32 விழித்ததும் முதலில் 24 வோல்ட்டைப் போட்டு, ஐந்து விநாடி பொறுத்து, பிறகு அளந்து, 24ஐ நிறுத்திய பிறகே வைஃபையைத் திறக்க வைத்தேன்.

ஒரு படி 125 மைக்ரோவோல்ட் என்பதால் சிப் தரும் எண்ணில் 0.48 வோல்ட் என்பது 3840, 2.4 வோல்ட் என்பது 19200. ஆகவே வந்த எண்ணில் 3840ஐக் கழித்து, 500ஆல் பெருக்கி, 15360ஆல் வகுத்தால் சென்சருக்கு மேல் நிற்கும் தண்ணீர் சென்ரிமீற்றரில் கிடைக்கும். 10000 வந்தால் 200 சென்ரிமீற்றர் சொச்சம். 3400க்குக் கீழே வந்தால் அளவாகப் பதியாமல் கம்பிப் பழுது என்று எழுதச் சொல்லுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு படி 0.33 மில்லிமீற்றர்தான். அதை நம்பி மில்லிமீற்றரில் பேசாதீர்கள். 0.5 சதவீதம் என்று எழுதிய சென்சரில் 5 மீற்றருக்கு 2.5 சென்ரிமீற்றர் பிழை வரலாம், சிப் எவ்வளவு நல்லதானாலும் சென்சர் சொல்லாததை அதனால் சொல்ல முடியாது. ஆகவே ஐயாவின் கயிறு இன்னும் வேண்டும். முழத்துக்குப் பதிலாக அளவு நாடாவைக் கட்டி, மாரி முடிந்து கிணறு நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, கோடைக் கடைசியில் ஒரு தடவை அளந்து, அந்த இரண்டு புள்ளிக்கும் 3840ஐயும் 15360ஐயும் திருத்துங்கள். நான் முதல் தடவை சரிபார்த்தபோது ஐயா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உன்ர பெட்டி என்ன சொல்லுது?" என்று கேட்டார். மூன்று சென்ரிமீற்றர் வித்தியாசம், திருத்தினேன்.

சென்சரை அடிச் சேற்றில் வைக்காமல் ஒரு முழம் மேலே தொங்கவிடுங்கள், மோட்டரின் உறிஞ்சு குழாயில் இருந்து தள்ளி. அதன் கேபிளுக்குள் கம்பிகளோடு ஒரு மெல்லிய குழாயும் வரும், காற்றமுக்கத்தைச் சென்சரின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோவது அதுதான். அதை மடிக்கவோ பசை போட்டு அடைக்கவோ கூடாது, அடைத்தால் வானிலை மாறும்போதெல்லாம் மட்டம் மாறும். நுனி ஈரம் படாமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கட்டும், பொட்டலத்தை ஒவ்வொரு மாரிக்கும் முன் மாற்றுங்கள். சென்சர் கம்பி பெட்டிக்குள் நுழையும் இடத்தில் மின்னழுத்தம் திடீரென்று எகிறினால் மட்டுப்படுத்தும் 30 வோல்ட் டிவிஎஸ் டயோட் ஒன்று போட்டிருக்கிறேன். ஆனாலும் இடி முழங்கத் தொடங்கும் பின்னேரங்களில் பிளக்கைக் கழற்றி வைத்துவிடுவேன், அன்றைய அளவை ஐயா கயிற்றில் எடுத்துத் தருவார்.