சித்திரையில் ஊர் வீட்டைத் திறக்கப் போகிறவர்களுக்கு

சித்திரை வருசத்தை ஒட்டி யாழ்ப்பாணம் போய், பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டில் பத்து நாள் இருக்க நினைப்பவர்கள் ஏசி பூட்டுவதைப் பிறகு பார்க்கலாம். முதல் வேலை கிணறு.

நெடுநாள் இறைக்காத கிணற்றில் இலை அழுகித் தண்ணீர் மணக்கும். இறைக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் அடிவரைக்கும் வேண்டாம். குடாநாட்டில் நன்னீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கரையோர ஊர்களில் மோட்டரை விடாமல் ஓட்டினால் உவர் மேலே ஏறும். பிறகு மாரி வரும்வரை வாயில் வைக்க முடியாது. காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சமாக இரண்டு மூன்று நாள் இறைப்பியுங்கள். மண்ணெண்ணெய் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்க விடாதீர்கள். புகை உள்ளேயே தங்கி, இறங்கியவரின் உயிரை வாங்கிவிடும்.

அடுத்தது குளோரின். 3 மீட்டர் அகலக் கிணற்றில் 2 மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 14,000 லீட்டர். 1,000 லீட்டருக்கு 2.5 கிராம் வெளிற்றும் தூள் (ப்ளீச்சிங் பவுடர்) கணக்கில் 35 கிராம் போதும். வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் அடைய விட்டு, மேல்தெளிவை மட்டும் கிணற்றில் விடுங்கள். அடியில் நிற்பது சுண்ணாம்பு. அதையும் கொட்டினால் ஏற்கெனவே சவர்க்காரம் நுரைக்காத தண்ணீர் இன்னும் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்துப் பாவிக்கலாம். தோட்டக் காணிகளை ஒட்டிய கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று சேர்ந்திருக்கலாம். கொதிக்க வைத்தால் அது போகாது, செறிவுதான் கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கப் போத்தல் தண்ணீரே வாங்குங்கள்.

கயிறு புதிதாக வாங்குங்கள், ஒரு பாகம் (இரு கை விரித்த நீளம்) கூடுதலாகவே. மாரியில் அளந்த கயிறு இப்போது எட்டாது. வாளி விழுந்தால் பதற வேண்டாம். அதைக் கொளுவி எடுக்கும் பாதாளக்கரண்டி அயலில் யாரிடமாவது இருக்கும். இவ்வளவும் செய்தபின், விடியற்காலை தலையில் ஊற்றும் முதல் வாளிக்கு எந்த ஷவரும் கிட்ட வராது.

கருப்பநீர், அதாவது பனம் பதநீர், குடிக்க வெயில் ஏறமுன் போக வேண்டும். பனையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருப்பதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் நிற்கிறது. நாக்கில் சுண்ணாம்பு உறைத்தால் அந்த முட்டியை விட்டுவிடுங்கள்.

நுங்கைக் குலையாக வாங்கி வீட்டிலேயே சீவுவது நல்லது. தலைப்பக்கத்தைக் கத்தி இலகுவாக வெட்டினால் இளசு. கத்தி திக்கித் திக்கி இறங்கினால் முற்றிய சீக்காய், தின்றால் வயிறு நோகும். பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். பெருவிரலை ஓரமாக விட்டுக் கிண்டி, அப்படியே வாயில் வைத்து உறிஞ்சுங்கள்; கரண்டி போட்டால் உள்ளிருக்கும் நீர் கைவழியே ஓடிவிடும். மேல்தோல் துவர்க்கும், பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுக்கலாம். வெறும் கோம்பைகளை எறியாதீர்கள். இரண்டைத் தடியில் கோத்து, நடுவில் கவர்த்தடி வைத்தால் வண்டி. ரொறன்ரோப் பிள்ளையும் அதற்குப் பிறகு போனைத் தேடாது.

இரவில் முற்றத்தில் படுக்கலாம், ஆனால் பாய் விரித்து அல்ல. எட்டடி விரியன் இரவில் திரியும் பாம்பு. நிலத்தில் தூங்குபவரைத்தான் அதிகம் கடிக்கும், கடித்த இடம் பெரிதாக நோகாது, வீங்காது. கட்டிலில் நுளம்பு வலை கட்டி, ஓரத்தை மெத்தைக்கடியில் செருகுங்கள். சந்தேகம் என்றாலே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வைகாசிவரை நிற்பவர்களுக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கிடைக்கத் தொடங்கும். காம்பு ஒரு விரல் நீளம் இருக்கப் பிடுங்கி, கவிழ்த்துப் பாலை வடியவிடுங்கள். பால் பட்டால் தோல் பொத்து எரியும். வைக்கோலில் பழுக்க வையுங்கள். நிறத்தை நம்பாமல் காம்படியை மணந்து பாருங்கள். முழுக்க அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள்: தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாத மாம்பழத்தை ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையங்களில் பயணப் பெட்டியிலிருந்தும் எடுத்துவிடுவார்கள்.