கவரேஜ் கிராஃப் குறியீட்டை ரீஃபாக்டர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பைலரின் மற்ற பகுதிகளில் தவறு நடந்தால் பெரும்பாலும் ஏதாவது உடைந்து நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும். டெஸ்டுகளின்போது எந்த வரி எத்தனை முறை ஓடியது என்று எண்ணும் கவரேஜ் பகுதியில் அப்படி இல்லை. நிரல் சரியாகவே ஓடும், அறிக்கையில் வரும் எண்கள்தான் பொய் சொல்லும். ஓடாத வரி பச்சையாகத் தெரிந்தால் அதற்கு டெஸ்ட் எழுத யாருக்கும் தோன்றாது.

ஒரு ஃபங்ஷனை, நடுவில் கிளை பிரியாமல் ஓடும் பிளாக்குகளாகவும் அவற்றுக்கு இடையிலான வழிகளான எட்ஜ்களாகவும் வரைந்ததுதான் கிராஃப். அவை எத்தனை முறை ஓடின என்று எண்ணுவது கவுண்டர். அதிகம் சறுக்குவது அந்தக் கவுண்டரை வைக்கும் இடத்தில். எல்ஸ் இல்லாத ஓர் இஃப் கூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிபந்தனை இருக்கும் பிளாக் அ, உள்ளே இருப்பது ஆ, அதற்கு அடுத்து வருவது இ. அ 10 முறையும் ஆ 4 முறையும் ஓடினால், அ-விலிருந்து நேராக இ-க்குப் போகும் எட்ஜின் எண்ணிக்கை 6. இந்த எட்ஜ் கிளம்பும் பிளாக்கிலிருந்து வேறு வழியும் உண்டு, சேரும் பிளாக்குக்கு வேறு வரவும் உண்டு. இதைத்தான் கிரிட்டிக்கல் எட்ஜ் என்கிறோம். கவுண்டரை இ-யின் தலையில் வைத்தால் 6-க்குப் பதில் 10 வரும். ஒன்று, எட்ஜைப் பிளந்து நடுவில் புது பிளாக்கைச் செருக வேண்டும். இல்லையென்றால் அ-வின் எண்ணிலிருந்து ஆ-வின் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செருகிய பிளாக்கில் ஒன்றுமே இல்லையே என்று, கவுண்டர் ஏறுவதற்கு முன்பே அதை நீக்கிவிடும் ரீஃபாக்டர்கள் ஆபத்தானவை.

பிளாக்குகளை இணைக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். முதல் பிளாக்கிலிருந்து ஒரே வழிதான் என்பது மட்டும் போதாது, அடுத்ததற்கும் ஒரே வரவுதான் இருக்க வேண்டும். லூப்பின் தலை பிளாக்கை அதற்கு முந்தையதோடு இணைத்துவிட்டால், 11 முறை ஓடிய நிபந்தனை 1 முறை ஓடியதாகத் தெரியலாம்.

ஸ்விட்ச்சில் இரண்டு கேஸ்கள் ஒரே பிளாக்குக்குப் போவதும் உண்டு. வெளிச்செல்லும் பட்டியலில் இரட்டையை நீக்கிவிட்டு, உள்வரும் பட்டியலில் அப்படியே விட்டால் கணக்கு உதைக்கும். எது வேண்டுமானாலும் செய்யுங்கள், இரண்டிலும் ஒன்றுபோலச் செய்யுங்கள்.

அப்புறம், திரும்பி வராத அழைப்புகள். ஓர் அழைப்பு நிரலையே முடித்துவிட்டால் அதற்கு அடுத்த வரி ஓடியிருக்காது. இரண்டும் ஒரே கவுண்டரைப் பகிர்ந்தால் ஓடியதாகவே காட்டும். ஜிசிசி கம்பைலர் இதற்காகத்தான் அத்தகைய அழைப்புகளிலிருந்து வெளியேறும் பிளாக்குக்குப் போலி எட்ஜ்களைச் சேர்க்கிறது. பயனற்றது போலத் தெரிகிறதே என்று அதில் கைவைக்காதீர்கள்.

பிளாக்குகளைச் சுற்றிவரும் வரிசையை, வரிசைக்கு உத்தரவாதம் தராத ஹாஷ் மேப்பிடம் விட்டுவிடுவதும் தவறு. ஒவ்வொரு பில்டிலும் கவுண்டர் எண்கள் மாறினால் வெளியீட்டை ஒப்பிடவே முடியாது.

கடைசியாக, வெளியீட்டை மாற்றாத சீரமைப்பையும் மாற்றும் திருத்தத்தையும் ஒரே கமிட்டில் போடாதீர்கள். சீரமைப்புக்கான முதல் கமிட்டில், வர வேண்டிய வெளியீட்டைச் சேமித்து வைத்திருக்கும் எதிர்பார்ப்புக் கோப்புகளில் ஒரு வரிகூட மாறக் கூடாது. மாறினால், புதுப்பித்துவிட்டு நகராமல் அந்த ஃபங்ஷனின் கிராஃபை வரைந்து, மாறிய கவுண்டர் எந்த எட்ஜுக்கு உரியது என்று பாருங்கள்.