பெங்களூரில் உங்கள் ஏரியா மழையைத் தாங்குகிறதா? வருடக்கணக்கில் பார்க்கும் வழி

போன மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை, அதனால் கால்வாய் வேலை பலித்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அந்த வருடம் மழையே குறைவாகப் பெய்திருக்கலாம். ஒரே இடத்தை, ஏறக்குறைய ஒரே அளவு மழையில், பல வருடம் பார்த்தால்தான் நிலைமை தெரியும்.

முதலில் வரைபடம். இங்கே பெரிய ஆறு இல்லை. மேட்டு ஏரி நிரம்பினால் ராஜகால்வாய் என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் இறங்கும், அப்படித்தான் ஊரே அமைந்தது. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு தர்மாம்புதி ஏரியாக இருந்த இடம், கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் சர்வே எண்ணோடு பழைய கால்வாய்த் தடத்தைப் பாருங்கள், அப்புறம் கூகுள் எர்த்தில் வருடத்தைப் பின்னால் நகர்த்தி, கால்வாய் எங்கே குறுகியது, அதன்மேல் எப்போது கட்டடம் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வார்டு வாரியாகக் கணக்கு வைக்க வேண்டாம். 198 வார்டுகளோடு ஒரே மாநகராட்சியாக இருந்தது 2025-ல் ஐந்தாகப் பிரிந்துவிட்டது, எல்லைகள் மாறினால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒட்டாது. தெரு மாறாது, தெருவை வைத்துக்கொள்ளுங்கள்.

மழை நாளில் எழுத வேண்டியது: எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு நேரத்தில். நாள் முழுக்கப் பெய்த 60 மி.மீ. வேறு, ஒரு மணி நேரத்தில் கொட்டிய 60 மி.மீ. வேறு. அல்சூரிலோ விவேக் நகரிலோ தாழ்வான ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் எத்தனாவது படி வரை ஏறியது, எத்தனை மணிக்கு வடிந்தது என்று கடைக்காரரிடமே கேளுங்கள். உயரத்தைவிட வடிய எடுக்கும் நேரம்தான் அதிகம் சொல்லும்.

கோடையையும் சேர்த்துப் பாருங்கள். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றின, அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் உங்கள் தெருவில் டேங்கர் விலை என்ன, குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள் தண்ணீர்?

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, வெள்ளத்துக்குப் பிறகு யார் எப்போது மீண்டு எழுந்தார்கள் என்பது. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் சர்ஜாபூர் ரோட்டு வில்லாக்காரர்களை டிராக்டரில் வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களால் ஓட்டலில் ரூம் போட முடியும். ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு அரிசி, பிள்ளைகளின் நோட்டு, ரேஷன் கார்டு எல்லாம் போய்விடும். அதனால் எத்தனை நாள் கூலி போச்சு, கடன் வாங்கினார்களா, எப்போது அடைந்தது என்று ஆறு மாதம் கழித்தும் போய்க் கேளுங்கள். அடுத்த மழைக்கும் அதே வீடுகளுக்கே போங்கள். காலி செய்துவிட்டுப் போயிருந்தால் அதையும் எழுதுங்கள்.