பெரியவர்களை எழுப்ப உதவும் இடுப்புப் பட்டை: நாமே வடிவமைத்துத் தைப்பது எப்படி?

எழுந்திருக்க முடியாத பெரியவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, பல வீடுகளில் அக்குளில் கைகொடுத்துத்தான் தூக்குகிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பக்கவாதம் வந்தவர் என்றால் தோள்மூட்டே நழுவிவிடலாம். நோயாளியைக் கையால் தாங்குவதற்கு 2007இல் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் சொன்ன உச்ச எடை 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ. மெலிந்த பாட்டிகூட அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பார். அதனால் இந்தப் பட்டை ஆளைத் தூக்க அல்ல. அவர் தன் காலால் எழும்போது நமக்கு ஒரு பிடிமானம்.

முதல் வேலை, ஆளைப் பார்ப்பது. கட்டில் ஓரத்தில் உட்கார முடிகிறதா? ஒரு காலையாவது நன்றாக ஊன்றுகிறாரா? இல்லையென்றால் பட்டை போதாது, ஆளைத் தூக்கி மாற்றும் கருவியான ஹாய்ஸ்ட் தேவை. வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர், அங்கே உணவு செலுத்தக் குழாய் வைத்திருப்பவர், விலா எலும்பு முறிந்தவர், எலும்பு மிகவும் பலவீனமானவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் கட்டவே கூடாது.

சரி, இப்போது அளவு. உட்கார வைத்து, உடுப்புக்கு மேலேயே இடுப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அதோடு 30 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார் சீட் கவர் தைக்கும் கடையில் சீட் பெல்ட் நாடா கிடைக்கும். அகலம் சுமார் 5 செ.மீ. அதை மட்டும் கட்டினால் வயிற்றில் அறுக்கும். ஆகவே 10 செ.மீ. அகலக் கான்வாஸ் பட்டையின் நடுவில் நாடாவை ஓடவிட்டு, உள்பக்கம் மெல்லிய ஃபோமும் வழுக்காத துணியும் வையுங்கள். முன்னால், தொப்புளுக்குச் சற்றுத் தள்ளி 50 மி.மீ. பக்கிள்.

கைப்பிடிதான் முக்கியமான இடம். பக்கத்துக்கு ஒன்று, முதுகுப் பக்கம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 25 செ.மீ. நாடாத் துண்டு: இரு முனையிலும் 5 செ.மீ. தையலுக்கு, மிச்சம் 15 செ.மீ. பட்டையில் 12 செ.மீ. இடைவெளியில் வளைந்து நிற்கும். நான்கு விரல் நுழைய அது போதும். அதைவிடத் தளர்ந்தால் மணிக்கட்டு மாட்டிக்கொள்ளும். கான்வாஸில் மட்டும் தைத்தால் துணி கிழியும். அடியில் ஓடும் நாடாவோடு சேர்த்து, சதுரமாக ஓட்டி உள்ளே குறுக்கும் மறுக்குமாக அடிக்கச் சொல்லுங்கள். வீட்டுத் தையல் மெஷின் இதற்குத் தாங்காது, பை தைப்பவரிடம் கொடுங்கள். வெட்டிய முனைகளை மெழுகுவர்த்தியில் காட்டினால் பிரியாது.

அப்புறம் சோதனை. 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைச் சேர்த்துப் பட்டையால் கட்டுங்கள். ஒரே கைப்பிடியில் கம்பு நுழைத்து, இருவர் தூக்கிக் குலுக்குங்கள். நான்கு கைப்பிடிக்கும் இப்படியே. ஒரு நூல் பிரிந்தாலும் மறுபடி தைக்க வேண்டும்.

கட்டும்போது பட்டைக்குள் இரண்டு விரல் நுழையட்டும். வெறும் தோலில் வேண்டாம், உரசிக் கிழியும். கட்டில் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தால் எழுவது சுலபம். அவரை விளிம்புக்கு வரச் சொல்லி, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் நன்றாகக் குனியச் சொல்லுங்கள். பலவீனமான பக்கம் நீங்கள் நில்லுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, எழுந்திருங்க தாத்தா" என்று சொல்லி, முழங்காலை மடித்து, கைப்பிடியைக் கீழிருந்து பற்றி எழுப்புங்கள். நடுவில் சரிந்தால் மேலே இழுக்காதீர்கள். உடம்போடு அணைத்து மெல்லத் தரையில் உட்கார வைத்துவிட்டு, இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.