கல்லிலும் குதிப்பிலும் புரளாமல் ஓட: ரிமோட் டிரக்கின் சஸ்பென்ஷனைச் சரிசெய்யும் முறை

மொரீசியஸில் கரும்பு வெட்டு முடிந்த பிறகு வயலோரத்து மண்பாதைகளே எங்களுக்கு ஓட்டக்களம். டிராக்டர் சக்கரம் பதிந்து இறுகிய பள்ளங்களும், எவ்வளவு பொறுக்கினாலும் தீராத எரிமலைக் கருங்கற்களும் நிறைந்த அப்பாதையில், நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள என்னுடைய ரிமோட் டிரக் குதித்து இறங்கும்போதெல்லாம் அடிவயிறு தரையில் மோதி, பந்துபோல் எழும்பிக் கவிழ்ந்தது. ஸ்பிரிங் போதவில்லை என்று எண்ணிக் கடையில் இருந்தவற்றிலேயே கடினமானதை வாங்கிப் பூட்டினேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று. உண்மையான காரணம் பின்பக்க இடது ஷாக்கின் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஆயில் நிறைந்த குழாய்) ஆயிலுக்குள் சிக்கியிருந்த காற்று என்பது மூன்று வாரங்கள் கழித்தே தெரிந்தது.

முதலில் வண்டியின் நிற்கும் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பேட்டரியும் பாடியும் பொருத்திய நிலையில், 30 செ.மீ. உயரத்திலிருந்து சமதரையில் விட்டு, அது அமர்ந்தபின் சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்ம்கள் தரைக்கு இணையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஸ்பிரிங்கின் மேலுள்ள வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது பரவலான தவறான எண்ணம். வண்டி உயரும், அவ்வளவுதான். அளவுக்கு மேல் உயர்த்தினால், பள்ளத்தைக் கண்டதும் சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் குறைந்துவிடும். கரடுமுரடான நிலத்தில் அந்த இறக்கம் மிகவும் தேவை. என் வண்டியை நடுவில் பிடித்துத் தூக்கினால், சக்கரங்கள் தரையை விடுவதற்குள் சுமார் 15 மி.மீ. எழும்.

அடுத்தது என்னை வீழ்த்திய படி. ஷாக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, பழைய ஆயிலை முழுவதும் கொட்டிவிடுங்கள். ஷாக்கின் அடியில் நீண்டிருக்கும் தண்டைக் கீழே முழுவதும் இழுத்து வைத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை புதிய சிலிகான் ஆயிலை ஊற்றி, தண்டின் முனையிலுள்ள துளையிட்ட வட்டான பிஸ்டன் ஆயில்மட்டத்துக்கு மேலே வந்துவிடாதபடி மிக மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். குமிழிகள் மேலே வந்து நின்றவுடன் வேலை முடிந்தது என்று நினைத்து, இரண்டே நிமிடத்தில் மூடியதுதான் நான் செய்த பிழை. சிறு குமிழிகள் பிஸ்டனின் அடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஷாக்கைச் செங்குத்தாக நிறுத்தி 10 நிமிடம் விட்டு, மறுபடியும் ஏற்றி இறக்கிய பிறகுதான் அவை வெளியேறும். பிறகு தண்டைப் பாதிவரை மேலே தள்ளி, ரப்பர் சவ்வை வைத்து, மிகுந்த ஆயில் வழிய விட்டு மூடுங்கள். தண்டை அழுத்தும்போது சளசளவென்று ஓசை கேட்டால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. இடது வலது ஷாக்குகள் இரண்டையும் அழுத்தி விட்டால், ஒரே அளவுக்குத் திரும்பி வரவேண்டும். சவ்வே இல்லாத சில வகை ஷாக்குகளில் சிறிது காற்று இருப்பதே வடிவமைப்பு. அவற்றுக்குக் கையேட்டின்படி செய்யுங்கள்.

தண்டைச் சாதாரணக் குறட்டால் ஒருபோதும் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், அது ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை அறுத்து ஆயிலைக் கசியவிடும். தண்டு பிடிப்பதற்கென்றே விற்கும் குறடு வீண் செலவு அன்று.

ஆயிலை 30 அல்லது 35 வெயிட்டில் தொடங்கலாம் (வெயிட் எண் கூடினால் ஆயில் கெட்டி). இறங்கியபின் வண்டி எழும்பினால் கனமான ஆயிலும், கற்களின்மேல் சக்கரம் தரையைப் பற்றாமல் தடதடத்தால் இலேசான ஆயிலும் போடுங்கள். ஒரு நிறுவனத்தின் 30 வெயிட்டும் மற்றொன்றின் 30 வெயிட்டும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலால் ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகான சென்டிஸ்டோக்ஸ் எண் அச்சிட்ட புட்டியைத் தவிர வேறெதையும் நான் வாங்குவதில்லை. பிஸ்டனின் துளைகளும் இதில் சேர்ந்தே வேலை செய்கின்றன. துளை சிறிதானால், உயரத்திலிருந்து இறங்கும்போது ஆயில் வேகமாகப் புகமுடியாமல் சுவர்போல் எதிர்த்து அடிவயிற்றைக் காக்கும். கல்லில் ஏறும்போது அதே சுவர் சக்கரத்தை மேலே எறிந்துவிடும். இரண்டையும் முழுமையாகப் பெற இயலாது. என் பாதையில் கற்களே மிகுதி என்பதால், பெரிய துளையும் கனமான ஆயிலும் வைத்திருக்கிறேன்.

இப்போது 50 செ.மீ. உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். அடிவயிறு தரையை இலேசாகத் தொட்டு, துள்ளாமல் அமர்ந்தால் போதும். மேட்டை விட்டுக் கிளம்பும்போது பின்பக்கம் உதைத்து மூக்கு கவிழ்ந்தால், பின் ஷாக்குக்கு ஒரு படி கனமான ஆயிலைப் போடுங்கள். ஆனால் அதற்குமுன் உங்கள் விரலைக் கவனியுங்கள். காற்றில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மூக்கு உயரும், பிரேக் பிடித்தால் தாழும்.

பிற்சேர்க்கை: கடலோரத்தில் நன்றாக ஓடிய வண்டி, வீட்டருகே விறைத்துப்போகிறது என்று பக்கத்துத் தீவான ரீயூனியனின் மேட்டுப்பகுதியில் வாழும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குளிரில் சிலிகான் ஆயிலும் சற்றுக் கெட்டியாகும். கடலோரத் தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து, ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்திலுள்ள கியூர்பிப் நகருக்கு எங்கள் குளிர்காலமான ஜூலை, ஆகஸ்டில் போகும்போது, நானும் 50 சென்டிஸ்டோக்ஸ் குறைவான ஆயிலுக்கு மாறிக்கொள்கிறேன். வெயிலில் சரிசெய்துவிட்டு மலையில் குறை சொல்லாமல், ஓட்டும் இடத்திலேயே அமர்ந்து சரிபாருங்கள்.